பேண்டேஜ் நெய்கிற வீடு

அத்தான் கழற்றி வைத்த செயற்கைக் கால் கூடத்தின் மூலையில் சுவரில் சாய்ந்து நின்றது. அதைச் சுற்றித் தரையில் எறும்பு சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். கோணல் இல்லாத வட்டம். தினமும் வாசலில் கோலம் போடுகிற என் அக்காவின் கை அது. வட்டத்துக்கு வெளியே சிற்றெறும்புகள் வரிசை கட்டி வந்து, கோட்டின் ஓரம்வரை போய், திரும்பி, மறுபடியும் வந்துகொண்டிருந்தன. கோடு போடுவதற்கு முன்பே சில உள்ளே போயிருக்க வேண்டும். காலின் மேற்பகுதி கிண்ணம்போலக் குழிந்திருக்கும். அதன் விளிம்பில் அவை ஏறி இறங்கின.

"என்னக்கா இது, இம்புட்டு எறும்பு?"

"கஞ்சித் துணிய வச்சில்லா சுத்துதோம். எறும்பு வராம என்ன செய்யும்?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் அது போதுமான பதில். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, பஸ் ஏறி உட்கார்ந்து ஆற அமர மூச்சு விடுவதற்குள் வந்துவிடுகிற ஊர் அது. தெருவுக்குத் தெரு தறி. சேலையும் வேட்டியும் அல்ல, ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. நூல் அறுந்துபோகாமலிருக்க, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். அந்தப் பசைக்கு எறும்பும் பூச்சியும் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தறியிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பாக இருக்கும். பிறகு சலவைப் பட்டறைக்குப் போய் வெளுத்து, சுருளாகி, உறைக்குள் போய், மருந்துக்கடையில் நாம் பார்க்கிற வெள்ளைப் பேண்டேஜ் ஆகும். அத்தான் வீட்டில் இருப்பது வெளுப்பதற்கு முந்தின துணி.

நான் பத்திரிகை வேலையை முடித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். அக்கா வீட்டுக்கு மாதத்தில் ஒருமுறையாவது போய்விடுவேன். அந்த வட்டத்தை நான் பார்த்தது ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கித் தெருப்புழுதியை எல்லாம் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில். வெளியே தறிக்கொட்டகையில் நாடா இங்குமங்கும் ஓடி அடிக்கிற சத்தம். அத்தான் கட்டிலில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்.

அத்தானுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே போனது அதற்கு முந்தின வருஷம். சர்க்கரை. தறிக்கொட்டகைக்குள் செருப்புப் போடுவதில்லை. தொழில் நடக்கிற இடம், சாமி இருக்கிற இடம். என்னவோ குத்தியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும் என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். விரல் கறுத்து, பாதம் கறுத்து, மதுரைக்குக் கொண்டுபோனோம். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் முதலில் சொன்னது, "முட்டியைக் காப்பாத்திட்டோம்" என்பதுதான். போனது எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வாக்கியம் எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் அவருடைய சிகிச்சைக்கூடம். பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஆள் உயரக் கண்ணாடி, நாலு படி ஏறி நாலு படி இறங்குகிற ஒரு மரப்படிக்கட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பால்கோவா கிண்டுகிறார்கள். சுண்டுகிற பாலின் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும்.

"ஏன் டாக்டரம்மா, சர்க்கரைக்காரனை எல்லாம் பால்கோவா அடுப்புக்குப் பக்கத்துல கூட்டி உக்கார வச்சிருக்கீங்களே, அடுத்த காலுக்கு இப்பவே ஆள் பிடிக்கீங்களாக்கும்?" என்று அத்தான் முதல் நாளே கேட்டார்.

"நான் டாக்டர் இல்லப்பா, பிசியோ. வாசனைக்கெல்லாம் சுகர் ஏறாது. போகும்போது கையில வாங்கிட்டுப் போறீங்கல்ல, அதுக்குத்தான் ஏறும்."

"பாத்தியாட்டி, போட்டுக் குடுத்துட்டா எவளோ" என்று அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"எவளோ என்ன எவளோ, நாந்தான் சொன்னேன்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அத்தானின் முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். "இது உங்களோட சொந்த முட்டி. இது இருக்கிற வரைக்கும் செயற்கைக் கால் போட்டு நீங்க நடக்கலாம், தறி ஓட்டலாம். இதுவும் போச்சுன்னா இந்த வயசுல, இந்தச் சுகர்ல, மறுபடியும் நடக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம். சக்கர நாற்காலிதான். உங்க தறிக்கும் தறிக்கும் நடுவுல சக்கர நாற்காலி போகுமா?"

ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு போகிற சந்துதான் அங்கே உண்டு. அந்தச் சந்தில்தான் அத்தான் வாழ்க்கை முழுக்க நடந்திருக்கிறார். அறுந்த இழையை எடுத்து முடிவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட முடியாது. அன்றிலிருந்து முட்டி என்கிற சொல்லுக்கு அந்த வீட்டில் வேறு கனம் வந்துவிட்டது.

அறுத்த இடத்தில் வீக்கம் வடிய எலாஸ்டிக் துணி சுற்ற வேண்டும். அதைச் சுற்றும் விதத்தை அந்தப் பெண் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். நேராகச் சுற்றாமல் எட்டுப் போடுகிற மாதிரி சாய்த்துச் சாய்த்து; நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகத் தளர்வு. "மேல இறுக்கிட்டீங்கன்னா நுனிக்குப் போன ரத்தம் திரும்பாது, தேங்கிரும்" என்றார். அக்கா ஒருமுறை பார்த்தாள். மறுமுறை தானே சுற்றினாள். அந்தப் பெண் விரலை விட்டுச் சோதித்துப் பார்த்து, "என்னைவிட நல்லா சுத்துறீங்கம்மா" என்றார்.

"ஊருக்கெல்லாம் பேண்டேஜ் நெய்யுற கை" என்றார் அத்தான். அக்கா வெட்கப்பட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அதை இன்னொருமுறை சொல்ல வைத்துக் கேட்டாள்.

வீக்கம் வடிந்தபின் மதுரையிலிருந்து வந்த டெக்னீஷியன் மாவுக்கட்டு போட்டு அளவு எடுத்தார். கால் வந்தது. தோல் நிறத்தில் ஒரு கிண்ணம், கீழே ஒரு குழாய், குழாயின் முனையில் விரல்கள் வரைக்கும் செதுக்கிய ரப்பர் பாதம். அத்தான் அதற்கு டூப்பு என்று பேர் வைத்தார். தன்னுடைய மிச்சக் காலுக்குப் பாதி. "ஏட்டி, பாதியக் கழுவியாச்சு, டூப்ப எடு" என்பது காலைச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது. பாதிக்கு ஒரு காலுறை மாட்டி, டூப்பில் இறக்கி, எழுந்து நிற்பார். பாதத்துக்கு வார் வைத்த செருப்பு. கொட்டகைக்குள்ளும் செருப்போடுதான் போக வேண்டும், குதிகால் உயரத்துக்குத் தக்கபடி காலைப் பொருத்தியிருக்கிறது என்று டெக்னீஷியன் கண்டித்துச் சொல்லியிருந்தார். அத்தான் சாமி படத்தைக் கொட்டகையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டிவிட்டு, செருப்போடு உள்ளே போனார். சொன்னதை எல்லாம் செய்கிற வீடு அது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு நடைக்கும் ஒரு சத்தம் உண்டு. காலைத் தூக்கும்போது கிண்ணத்துக்குள் காற்று போய் வருகிற சத்தம். யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுகிற மாதிரி. தறி ஓடும்போது கேட்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளில் ஊரே அடங்கிக் கிடக்கும்போது நன்றாகக் கேட்கும். அத்தான் எங்கே வருகிறார் என்று அதை வைத்தே சொல்லலாம். தெருவில் பிள்ளைகள் அவருக்குப் பிரஷர் குக்கர் என்று பேர் வைத்திருந்தார்கள். அவரும் சில சமயம் நின்று, "மூணு விசில் ஆச்சு, எறக்குங்கலே" என்பார்.

நாளாக ஆகச் சத்தம் கூடியது. அது எதிர்பார்த்ததுதான். முதல் வருஷத்தில் மிச்சக் கால் சுருங்கிக்கொண்டே வரும், கிண்ணம் தளரும், காலுறையை ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும், ரொம்பக் கூடிவிட்டால் வந்து புதுக் கிண்ணத்துக்கு அளவு கொடுக்க வேண்டும். இதையும் அந்தப் பெண் சொல்லியிருந்தார். அத்தான் இரண்டாவது காலுறையைப் போட்டபோது பங்குனி வெயில். தடித்த காலுறை. உள்ளே வேர்த்து ஊறியது. மூன்றாவதைப் போட மாட்டேன் என்றார்.

"கம்பளிய மாட்டிக்கிட்டு கொட்டகைக்குள்ள நிக்கச் சொல்லுதா. அவ வந்து செத்த நேரம் நின்னு பாக்கட்டும்."

அப்போதுதான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. சல்லடை மாதிரி நெய்த துணி, காற்றுப் போகும், வேர்வையை உறிஞ்சும். புண்ணுக்கே கட்டுகிற துணி, புண் இல்லாத இடத்தில் கட்டினால் என்ன? தறியிலிருந்து இறங்கிய பழுப்புத் துணியை நீளமாகக் கிழித்து, தண்ணீரில் அலசி, கொடியில் காயப்போட்டு எடுத்தாள். கஞ்சி முழுவதும் போகாது. கொஞ்சம் விறைப்பு இருந்தால் நழுவாமல் நிற்கும் என்பதால் அதுவும் நல்லதாகப் பட்டது.

எலாஸ்டிக் துணியை நுனியிலிருந்து மேலே சுற்றிப் பழகிய கைதான். ஆனால் இந்தத் துணி இழுபடாது. நுனியிலிருந்து சுற்றினால் நாலு எட்டு நடப்பதற்குள் நழுவிக் கீழே குவிந்துவிட்டது. அக்கா மேலிருந்து ஆரம்பித்தாள். முட்டிக்குக் கீழே இறுக்கி இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, பிறகு கீழே இறக்கிக்கொண்டு போனாள். நழுவவில்லை. கால் சுருங்கச் சுருங்க மேலே ஒரு சுற்றைக் கூட்டினாள். அதன்மேல் காலுறை, அதன்மேல் டூப்பு.

மூச்சுச் சத்தம் நின்றுபோனது.

அந்த வீட்டில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அத்தான் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். "என்ன மாப்ளே, குக்கர் சத்தம் கேக்குதா?" கேட்கவில்லை. கால் தரையில் பட்டு எழுகிற சத்தம் மட்டும். நடை நேராக இருந்தது. "மதுரைல இருந்து வந்து அளவெடுக்கணுமாம் அளவு. உங்கக்கா அளவு எடுத்திருக்கா பாரு" என்றார். அக்கா, "சும்மா இருங்க, கண்ணு பட்ரும்" என்றாள்.

மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர வேண்டியவர் வராமலானார். ஆர்டர் நெருக்கடி, காற்றுக்காலத்தில் தடையில்லாமல் வருகிற கரண்டை விடக்கூடாது, ஏதோ ஒன்று. நன்றாக நடக்கிறவர் எதற்கு வர வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம்.

தினமும் காலையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாதியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு உத்தரவு. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நுனி கொஞ்சம் கறுத்தது. தோல் தடித்துச் சொரசொரப்பானது. "காய்ச்சுப் போச்சு" என்றார் அத்தான், விரல்களை என்னிடம் நீட்டிக்கொண்டே. இழை முடிந்து முடிந்து அவர் விரல் நுனிகள் கொம்பு மாதிரி இறுகியிருக்கும். "உழைக்குற இடம் காய்க்கத்தான செய்யும்? காய்க்காட்டித்தான் கோளாறு." வலிக்கிறதா என்று கேட்டேன். வலியே இல்லை என்றார். அதைப் பெருமையாகச் சொன்னார்.

பிறகு எறும்பு வந்தது.

முதலில் கழற்றிப் போட்ட துணியில். அடுத்துக் கிண்ணத்துக்குள். அக்கா துணியை வெயிலில் உதறினாள். கிண்ணத்தை ஈரத்துணியால் துடைத்தாள். இன்னும் வந்தது. சாக்பீஸ் வாங்கி வட்டம் போட்டாள். இந்த நேரத்தில்தான் நான் போய் அந்த வட்டத்தைப் பார்த்ததும், கஞ்சித் துணி என்கிற பதிலைக் கேட்டதும். வீட்டில் ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தது. அது சாமி படம் கூடத்துக்கு வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பத்தி ஸ்டாண்டு சாமி படத்துக்குக் கீழே இல்லை. டூப்பு நின்ற மூலையில் இருந்தது.

அன்று அத்தான் என் கையில் போனைக் கொடுத்து, தான் நடப்பதை வீடியோ எடுக்கச் சொன்னார். குடும்ப குரூப்பில் போட வேண்டுமாம். கட்டிலில் உட்கார்ந்தபடி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வட்டத்துக்குள் இருந்து காலைத் தூக்கி, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டினார், எழுந்தார், வாசல்வரை நடந்து திரும்பி வந்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். சென்னையிலும் திருப்பூரிலும் இருந்த சொந்தங்கள் கைதட்டுகிற பொம்மைகளாக அனுப்பினார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை போலீஸில் இருக்கிறவன், "மாமா, எங்க பரேட்டுக்கு வாங்க" என்று போட்டிருந்தான். அத்தான் ஒவ்வொன்றாக அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். கடைசியில் அந்தப் பெண்ணுக்கும் அதை அனுப்பினார், வராததற்குச் சமாதானம் மாதிரி.

மறுநாள் காலை அந்தப் பெண் எனக்கு போன் செய்தார்.

"சார், வீடியோ பார்த்தேன். நடை நல்லா இருக்கு. ஆரம்பத்துல கால எடுக்குற இடத்துல தரையில வெள்ளையா ஒரு வட்டம் இருக்கே, அது என்ன?"

எறும்பு சாக்பீஸ் என்றேன்.

"எறும்பு எதுக்கு வருது?"

கஞ்சித் துணி விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. சுவருக்கு அப்பால் யாரோ பால்கோவா சட்டியைச் சுரண்டுகிற சத்தம் போனில் வந்தது.

"எந்தத் துணி சார்? நான் துணி எதுவும் சுத்தச் சொல்லலையே. காலுறைதானே சொன்னேன்?" என்றார். பிறகு, "இப்பவே கழட்டச் சொல்லுங்க. கால மாட்டாம, ஒரு வண்டி வச்சுக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே" என்றார்.

அத்தான் டூப்பை மாட்டிக்கொண்டுதான் வந்தார். காரிலிருந்து இறங்கி, சந்தில் நடந்து, படியேறி உள்ளே வந்தார். "நடக்குறவனைத் தூக்கிட்டு வரச் சொன்னீங்களாமே டாக்டரம்மா" என்றார். அந்தப் பெண் நடையைப் பார்க்கவில்லை. உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டி, தரையில் உட்கார்ந்து, டூப்பைக் கழற்றினார். காலுறையை உருட்டி எடுத்தார். கீழே பேண்டேஜ் துணி இருந்தது. மேலே பழுப்பு, கீழே போகப்போக வேறு நிறம். ஊதுபத்தி இல்லாத அந்த அறையில் அந்த வாடை உடனே எழுந்தது. பால் வாசனையோடு சேர்ந்து அது இன்னும் மோசமாக இருந்தது. அக்கா முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், வழியிலேயே கையை இறக்கிக்கொண்டாள்.

முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் வெட்டினார். சுற்றுகள் பிரிந்து பிரிந்து வந்தன. அவ்வளவு நீளம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் குவிந்துகொண்டே போனது. முட்டிக்குக் கீழே, துணி இறுகியிருந்த இடத்தில், கயிறு கட்டின தடம்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதற்குக் கீழே கால் உப்பி, ஊதா நிறத்தில் பளபளத்தது. நுனியில் அவர்கள் காய்ப்பு என்று சொன்ன தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது, வெடிப்புக்குள் ஈரம். எறும்பு கஞ்சிக்கு வரவில்லை. அந்தப் பெண் கையுறை மாட்டி ஓர் இடத்தை அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெளுக்கவில்லை. இன்னோர் இடத்தில் அழுத்தினார். விரல் கொஞ்சம் உள்ளே போனது.

"வலிக்குதாப்பா?"

"இல்லையே" என்றார் அத்தான். இந்தத் தடவை அதில் பெருமை இல்லை.

அக்கா குனிந்து, மடியில் கிடந்த துணியின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நெய்கிறவர்கள் துணியை முதலில் ஓரத்தில்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் வீட்டுத் துணிதானா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க முடியாது. இருந்தும் பார்த்தாள்.

"மேலயா இறுக்கினீங்கம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நழுவிருச்சு. நழுவாம இருக்கத்தான்…" அக்கா முடிக்கவில்லை.

"சத்தம் நின்னுச்சே. அப்போ சரியாத்தான இருந்துச்சு?" என்றார் அத்தான்.

"சத்தம் நிக்கிறதுக்கு ரெண்டு காரணம் உண்டுப்பா. ஒண்ணு, கிண்ணம் சரியாப் பொருந்தியிருக்கணும். இல்லாட்டி மேல நெரிச்சுப் பிடிச்சிருக்கணும். கேக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே அவர் மதுரைக்கு போன் செய்துகொண்டிருந்தார்.

மதுரைக்குப் போகிற வழியில் கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது கல்லூரிப் பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. டிரைவர் ஹாரனில் கையை வைத்தபடியே ஓட்டினான். அத்தான் முன்சீட்டில், பாதியை ஒரு துண்டின்மேல் நீட்டி வைத்திருந்தார். ஒரு கை முழுநேரமும் முட்டிமேல் இருந்தது. மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். பின்னால் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவள் கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன மாதிரி.

மதுரையில் டாக்டர் ஒரு நீலப் பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே. "சிவப்பு இந்தக் கோட்டுக்குள்ள நின்னா, கெட்டுப்போன சதையை மட்டும் எடுத்துட்டு முட்டியை வச்சிரலாம். கோட்டைத் தாண்டுச்சுன்னா முட்டிக்கு மேல போகணும்" என்றார். அக்கா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் எது ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் ஓடியது. ஏற்கெனவே உள்ளே போய்விட்ட எறும்புகளை அந்தச் சாக்பீஸ் கோடு ஒன்றும் செய்யவில்லை.

அதன்பிறகு காத்திருந்தோம். நர்ஸ் வரும்போதெல்லாம் போர்வையை விலக்கிப் பார்த்தார். நாங்கள் நர்ஸின் முகத்தைப் பார்த்தோம். டிரெஸ்ஸிங் மாற்ற வெள்ளைப் பேண்டேஜ் சுருளை உறையிலிருந்து பிரிக்கும்போது அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. ஒருமுறை சிவப்பு கோட்டைத் தொட்டுவிட்டது என்றார்கள். இன்னும் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். அத்தான் அப்போது பேச்சை விட்டிருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்ளே, ரெண்டு தறியத் தூக்கிட்டா, நடுவுல நாற்காலி போகுமா?"

அளந்து பார்க்க வேண்டும் என்றேன்.

சிவப்பு தாண்டவில்லை. மெதுவாக இறங்கியது. நுனியில் கெட்ட சதையை எடுத்தார்கள். முட்டி நின்றது. முட்டி நின்ற செய்தியைக் குடும்ப குரூப்பில் நான்தான் போட்டேன். மறுபடியும் கைதட்டுகிற பொம்மைகள் வந்தன. அக்கா அதைப் பார்க்கவில்லை.

புண் ஆறுகிறவரை டூப்பை மாட்டக்கூடாது என்றார்கள். ஐப்பசி மழை வந்து போனது, அத்தான் கட்டிலில் இருந்தார். தறியை அக்கா ஓட்டினாள். தை பிறந்தபின் புதிதாக அளவெடுத்து, புதுக் கிண்ணம் வந்தது. புதுக் காலுறைகளை அந்தப் பெண் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பருத்தியில், மெல்லியதாக, வெயிலுக்கும் போடுகிற மாதிரி ஒன்று இருந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும். காலுறையை இப்போது அத்தான்தான் மாட்டிக்கொள்கிறார். அக்கா பாதியைத் தொடுவதில்லை. கண்ணாடியை மட்டும் பிடிப்பாள். அவர் பார்த்து முடித்ததும், அவரிடமிருந்து கண்ணாடியைத் திருப்பி, தானும் ஒருமுறை பார்ப்பாள்.

பழைய மூச்சுச் சத்தம் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. இலேசாகத்தான். அது வந்தபோது அக்கா சந்தோஷப்பட்டதை நான் கண்டேன். வெளியே ஒருவரிடம் சொல்ல முடியாத சந்தோஷம் அது. புருஷன் கால் இளகிச் சத்தம் போடுகிறது என்று. கிண்ணத்துக்குள் காற்று போய் வருகிறது, எதுவும் நெரிக்கவில்லை என்று அவளுக்கு அர்த்தம்.

சென்ற மாதம் நான் போயிருந்த அன்று பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெரு முழுக்க ஒரு தறி ஓடவில்லை. காலையில் அத்தான் எனக்கு முன்னால் கொட்டகைக்குப் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. சாய்ந்த பாவு ஒன்றைச் சரி செய்ய வேண்டும் என்று போனார். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

உச்சிவெயிலில் அத்தான் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தார். செருப்பு தரையில் படுகிற சத்தம் முற்றத்தில் கேட்டது. ஒன்று, அடுத்தது, அடுத்தது. நடை நேராக இருந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

அடுப்படியில் தண்ணீர் நின்றது. அக்கா ஈரக்கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க, காலைல சத்தம் வந்துச்சே?"

"சாக்ஸு ஒண்ணு கூடப் போட்டேன்ட்டி. லூசா இருந்துச்சு."

"எந்தச் சாக்ஸு?"

"எந்தச் சாக்ஸுன்னா? டாக்டரம்மா குடுத்ததுதான். கொட்டகைலயே வச்சிருந்தேன் ஒண்ணு."

"கழட்டுங்க."

"ஏ, இப்பத்தாம்ட்டி மாட்டுனேன். மாப்ளே, நீ சொல்லு, ஒருத்தன் ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாதா இந்த வீட்டுல?"

"கழட்டுங்கன்னு சொல்லுதேன்ல."

அத்தான் என்னைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கைலியை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு, கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்தார். நான் பேப்பரை மடித்தேன்.

அக்கா காலைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு அடியில் தரையில் எறும்பு தேடிக்கொண்டு நின்றாள்.